கறுப்பு ஏஞ்சலும் லலிதா வீட்டுத் தொட்டியும்

மீன் வளர்ப்போர் சங்கம் மலர் போடுகிறதாம். அதற்கு எழுதச் சொல்லி இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். இருவரும் சொந்தமாகப் பண்ணை வைத்திருப்பவர்கள். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு மீட்டர், இன்னொரு பையில் தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் காகிதம்.

“யக்கா, பல மீனு கெடக்கற கலப்புத் தொட்டில ஏஞ்சலு மீனு குஞ்சு எடுத்தீங்களாமே, டெக்னிக் இன்னா?” என்றார் ஒருவர்.

“டெக்னிக்கும் இல்ல, மண்ணும் இல்ல. வேற வழியில்லாம எடுத்தது” என்றேன்.

அதையே எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். நடுவில் எனக்கு ஆகாத விஷயமும் வரும். அதை வெட்டினால் மொத்தத்தையும் போடாதீர்கள்.

என் பெயர் தேசம்மாள். பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். மீன் என்றால் எங்களுக்குக் குழம்பு, இல்லையென்றால் கருவாடு. கண்ணாடிக்குள் விட்டு வேடிக்கை பார்க்கும் சாமான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கல்யாணமாகிப் பெரியபாளையம் பக்கம் வந்தேன். ஊருக்கு வெளியே ஒரு அலங்கார மீன் பண்ணை இருந்தது. தொட்டி தேய்க்க ஆள் கேட்டார்கள். போனேன். ஆறு வருஷம் பாசிதான் தேய்த்தேன். அப்புறம் தீனி ரூம், அப்புறம் ஏஞ்சல் ஷெட். மூட்டு போய் வீட்டில் உட்காரும் வரை அந்த ஷெட்தான்.

எங்கள் சூப்பர்வைசர் பெயர் ஏகாம்பரம். சூப்பரு என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாளும் யாரையும் சத்தம் போட்டதில்லை. அதற்கு அவர் சத்தமே போட்டிருக்கலாம். நாம் வேலை செய்துகொண்டிருப்போம், பின்னால் வந்து நிற்பார். தப்பு கண்ணில் பட்டால் நம்மிடம் பேச மாட்டார். தொட்டிக்கு முன்னால் குனிந்து மீனிடம் பேசுவார்.

“இன்னா நைனா, அடில இம்மாம் பீ கெடக்குது? மகாராணிக்கு நேரமில்லியா? நீயே தொடைப்பம் எடுத்துப் பெருக்கிக்கோ.”

பண்ணையில் வேலை செய்யும் ஒன்பது பேர் காதிலும் விழும். அந்த நேரத்தில் அவரைத் தொட்டிக்குள் அமுக்கலாம் என்றிருக்கும். ஆனால் வேலை தெரிந்தவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. அதைக் கற்றுக்கொடுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, மீனிடம் சொன்னதை நான் ஒட்டுக்கேட்டது.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. மோலி, கப்பி மாதிரி மீனுக்கு அது போதும். ஏஞ்சலுக்கு ஆகாது, முட்டை பிடிக்காது. அதனால் ஏஞ்சல் ஷெட்டுக்கு மட்டும் வயல் கிணற்றிலிருந்து லாரியில் தண்ணீர் வரும். லாரி கீழ்த்தொட்டியில் கொட்டியதும் இரண்டு பேர் தனித்தனியாக அதைக் கையில் அள்ளி மோந்து பார்க்க வேண்டும், நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். சரி என்றால் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் ஆளுக்கு ஒரு கோடு. இரண்டு கோடு விழுந்தால்தான் மோட்டார் போடலாம். ஒருத்தர் நாக்கு பொய் சொல்லும், இரண்டு பேர் நாக்கு சொல்லாது என்பார். வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருபது வருஷம் அந்த இரண்டு கோட்டால் ஒரு மீன் சாகவில்லை.

அப்புறம் செத்தது. மொத்தமாகச் செத்தது.

கொரோனா காலம். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்தது. வியாபாரம் படுத்துவிட்டதால் மூன்று மாதமாகக் குஞ்சு எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தோம். இருந்த குஞ்சையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளியாகிவிட்டது. ஷெட்டில் மிச்சமிருந்தது தாய் மீன்கள்தான். பதினாலு ஜோடி கறுப்பு ஏஞ்சல். உடம்பெல்லாம் கரி மாதிரி, துடுப்பு சேலைத் தலைப்பு மாதிரி நீளம். முதலாளி பல வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த வம்சம். எங்கள் பண்ணைக்குப் பேரே அதுதான்.

அன்றைக்குக் காலையில் லாரி வந்தது. சூப்பரு பேங்க்குக்குப் போயிருந்தார். நான் அள்ளினேன், மோந்தேன், நாக்கில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. சரியான தண்ணீர் என்று ஒரு கோடு போட்டேன். வேறு யாரையாவது கூப்பிட்டு மோக்கச் சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் மோலித் தொட்டிப் பக்கம் இருந்தார்கள், கூப்பிடச் சோம்பல். தண்ணி மாற்ற நேரமாகிறது என்று சூப்பருக்கும் சேர்த்து இன்னொரு கோட்டை நானே போட்டேன். மோட்டாரைப் போட்டேன்.

மத்தியானச் சோறு தின்று வந்து பார்த்தேன். எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் பதினாலு ஜோடியும் போய்விட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நோய் என்றார்கள். சிப்காட் கம்பெனிகளின் புகை என்றார்கள். சூப்பரு கீழ்த்தொட்டிச் சுவரைப் பார்த்தார். இரண்டு கோடு. என்னைப் பார்த்தார். நான் செத்த மீனைப் பொறுக்குவது மாதிரி குனிந்துகொண்டேன். முதலாளி சென்னையிலிருந்து ஓடி வந்து கேட்டபோது சூப்பரு, “ரெண்டு பேரும் பாத்தோம் சார், தண்ணி நல்லாத்தான் இருந்திச்சு” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி கத்தவில்லை. “குடோன் கட்ட எடம் கேட்டு ஒருத்தன் நாயா அலையுறான். கறுப்பு இல்லாம இந்தப் பண்ணை எதுக்கு? ஒரு மாசம் பாக்கறேன் ஏகாம்பரம். அதுக்குள்ள இதே வம்சத்துல குஞ்சு காட்டினா பண்ணை இருக்கும். இல்லன்னா குடுத்துடுவேன்” என்று காரில் ஏறிவிட்டார்.

ஒன்பது குடும்பம். நான் போட்ட கோடு.

அப்போது எனக்கு லலிதா ஞாபகம் வந்தாள்.

லலிதா கும்மிடிப்பூண்டிக்காரி. ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. புருஷன் இரும்பு உருக்கும் கம்பெனியில் கிரேன் ஓட்டுபவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்கு வந்து நான்கு கறுப்புக் குஞ்சு வாங்கிப் போனாள். இரண்டு செத்தது, இரண்டு ஜோடி சேர்ந்தது. அப்போதிருந்து எனக்குப் பேஜாருதான். பதினைந்து நாளைக்கு ஒரு போன் வரும்.

“யக்கா, இன்னா மீனு குடுத்த நீ? முட்டை போடுது, அதுவே துன்னுது. இப்டி ஒரு ஆத்தாவ நான் பாத்ததே இல்ல.”

போனை எடுக்காமல்கூட விட்டிருக்கிறேன். இப்போது நானே போட்டேன். மீன் இருக்கிறதா என்று கேட்டேன். “கறுப்பனும் கறுப்பாயியும் நல்லாத்தான் கீறாங்க. நேத்துகூட முட்டை போடக் குழாயத் தொடச்சிக்கினு இருந்தாங்க” என்றாள்.

சூப்பரு என்னை மொபெட்டில் உட்காரவைத்துக் கவரைப்பேட்டை வழியாகக் கூட்டிப்போனார். விஷயத்தைச் சொல்லி ஜோடியைக் கேட்டோம். லலிதா இடுப்பில் கையை வைத்தாள்.

“ஒங்க மீனு செத்தா எம் மீனத் தரணுமா? நல்லாக் கீதே ஞாயம். எத்தினி டப்பு குடுத்தாலும் தர மாட்டேன். வேணும்னா இங்கயே வந்து குஞ்சு எடுத்துக்கோங்க. நைனா வேணாம், அந்தாளு தொட்டியையே மொறைக்கிறாரு. அக்கா மட்டும் வரட்டும்.”

சூப்பரு வாசலில் என்னிடம், “அதுவும் நல்லதுதான். எடம் மாத்தினா ஜோடி ஒரு மாசத்துக்கு முட்டை போடாது. நமக்கு இருக்கிறதே ஒரு மாசம்” என்றார். வாழ்க்கையில் முதல் தடவை மீன் இல்லாமல் நேராக என்னிடம் பேசினார்.

அந்தத் தொட்டியைச் சொல்கிறேன், கேளுங்கள். நான்கடி நீளம். உள்ளே கறுப்பு ஜோடி, நான்கு புலிக் கெண்டை, இரண்டு கௌராமி, ஒரு பிடி டெட்ரா, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முழ நீளத்துக்கு ஒரு சக்கர் மீன். மூலையில் பிளாஸ்டிக் தாமரை, வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை. பண்ணையில் ஜோடிக்கு ஒரு தொட்டி, ஒரு கல், வேறு எதுவும் கிடையாது. இந்தச் சந்தைக்கடையில் எந்த மீன் குஞ்சு பொரிக்கும்? ஆனால் அது முட்டை போட்டது. எங்கள் பண்ணையைவிட ஒழுங்காகப் போட்டது. காரணம் தண்ணீர். லலிதா கேன் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் லாரி வைத்துத் தேடிய உப்பில்லாத மென்தண்ணீர் அவள் வீட்டுச் சமையலறையில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

முதல் முட்டை நான் தினமும் போய்வரத் தொடங்கிய மூன்றாம் நாள் விழுந்தது. பில்டர் குழாய் மேல் பெண் மீன் உரசி உரசி வரிசையாக ஒட்டிக்கொண்டு போக, ஆண் பின்னாலேயே போனது. பிறகு இரண்டும் முறை வைத்துத் துடுப்பால் விசிறின. வெளுத்த முட்டையை வாயால் பொறுக்கி எறிந்தன. ஒரு பகல் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். தின்னவில்லை. மறுநாள் காலையில் போனால் குழாய் பளபளவென்று இருக்கிறது, ஒரு முட்டை இல்லை.

“நான் சொல்லல? துன்னிடுச்சு” என்றாள் லலிதா.

“லைட்ட எப்ப அமத்துற?”

“ஒம்பதுக்கு. கரண்டு பில்லு நீயா கட்டுவ?”

விஷயம் அங்கேதான். இருட்டில் ஏஞ்சலுக்குக் கண் தெரியாது. சக்கருக்கு இருட்டு வந்தால்தான் வேலை. பகலில் புலிக் கெண்டை வாலைக் கடித்து ஆணை வெறி பிடிக்க வைக்கும், இரவில் சக்கர் முட்டையை நக்கிவிட்டுப் போகும். பழி மட்டும் பெற்றவர்களுக்கு. இரண்டு வருஷமாக இந்தக் கறுப்பாயியைத் திட்டியிருக்கிறாள். அதைக் கேட்டு நானும் சரிதான் போல என்று இருந்திருக்கிறேன்.

சக்கரை எடு என்றேன். அது மருமகன் வாங்கிக் கொடுத்தது, வெளியே விட முடியாது என்றாள். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் சக்கர் சமையலறையில் பெரிய அண்டாவுக்குக் குடி போனது. தொட்டிக்குக் குறுக்கே பிளாஸ்டிக் வலைத் தட்டு நிறுத்தி, கறுப்பு ஜோடி ஒரு பக்கம், மற்ற எல்லாமும் ஒரு பக்கம். வலையாக இருந்தால்தான் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும், எதிரியும் கண்ணுக்குத் தெரிவான். எதிரி கண்ணில் இருந்தால் ஜோடிக்குள் சண்டை வராது, இரண்டும் சேர்ந்து அவனை முறைக்கும். பக்கத்தில் ஒரு ஜீரோ வாட் பல்ப் விடிய விடிய எரிய வேண்டும். இதுதான் நீங்கள் கேட்ட டெக்னிக். வேறொன்றும் இல்லை.

அதிலிருந்து பத்தாம் நாள் மறுபடி முட்டை. அதே குழாய். இந்தத் தடவை காலையில் முட்டை இருந்தது. மூன்றாம் நாள் முட்டைக்குள் வால் ஆடியது. பெற்றது இரண்டும் குஞ்சுகளை வாயில் கவ்விக் கவ்வித் தாமரை இலைக்கு மாற்றின. பார்த்த லலிதா, “ஐயோ, துன்னுது துன்னுது” என்று கத்தினாள். “வாய மூடு, ஊடு மாத்துது” என்றேன். இலையில் கறுப்பு மிளகு தூவின மாதிரி ஒட்டிக்கொண்டு ஆடின. முன்னூறாவது இருக்கும்.

இந்தக் கட்டத்தில் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கெட்டாலும் கொத்தாகப் போகும். அடியில் இருக்கும் அழுக்கை உறிஞ்சிவிட்டு, எடுத்த அளவு புதுத் தண்ணீர் விட வேண்டும். அன்றைக்குக் கேன் தீர்ந்திருந்தது, கடைக்காரர் வரவில்லை. தெருக் குழாயில் ஒரு பக்கெட் பிடித்து வந்தேன். மூக்கைப் பக்கெட்டுக்குள் விட்டு மோந்தேன். நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர். மக்கில் மொண்டு தொட்டிக்கு மேல் கையைக் கொண்டுபோனேன்.

சமையலறையிலிருந்து லலிதா கத்தினாள். “யக்கா, அந்த ஜன்னலத் தொற. நாத்தம் கொடலப் பிடுங்குது.”

“இன்னா நாத்தம்?”

“விளையாடறியா?”

“இல்லம்மா, மெய்யாலுமே கேக்கறேன். இன்னா நாத்தம்?”

கரண்டியோடு வெளியே வந்தாள். “நெத்திலிக் கருவாடு வறுக்கறேன். எதுத்த ஊட்டுக்காரி கதவச் சாத்திட்டா. பழவேற்காட்டுக்காரி ஒனக்குத் தெரியலியா?”

மக்கைக் கீழே வைத்தேன். சட்டியிலிருந்து புகை கூடத்துக்கே வந்துகொண்டிருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

“லலிதா, இந்தப் பக்கெட்ட மோந்து பாரு” என்றேன்.

குனிந்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “ஐயே. பிளீச்சிங் பவுடரு. நேத்துதான் டேங்க் கழுவினாங்க. இதயா ஊத்தப் போன?”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லாரி வருவதற்கு நான்கு நாள் முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு வலி. வெளியே சொன்னால் வீட்டுக்குத் தகரம் அடிப்பார்கள் என்று கஷாயம் குடித்து மறைத்துவிட்டேன். அதுவும் தப்புதான், ஒன்பது பேரோடு வேலை செய்கிறவள் செய்யக் கூடாதது. அதிலிருந்து சோறு சப்பென்று இருந்தது. உப்பு உறைப்பு தெரிந்தது, மற்ற ருசி இல்லை. மருமகள் சமையலில் கவனமில்லை என்று அவளைத் தினமும் திட்டினேன். எனக்கு மூக்கு செத்திருந்தது. அந்த நேரத்தில் தெருத்தெருவாக பிளீச்சிங் தண்ணீர் அடித்த லாரிகள் எத்தனை. அப்படி ஒன்றுதான் கழுவாமல் கிணற்றுத் தண்ணீர் ஏற்றி வந்திருக்கிறது. பதினாலு ஜோடியைக் கொன்றது எந்தப் புகையும் இல்லை.

இரண்டாவது கோட்டைச் சூப்பரு போட்டிருந்தால் அவர் மூக்கு பிடித்திருக்கும். அதற்காகத்தான் அது இரண்டு கோடு.

லலிதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். “சரி, அழுவாத. இனிமே மூக்கு நான். நீ கைய மட்டும் வையி” என்றாள். பக்கத்து வீட்டில் இரண்டு கேன் கடன் வாங்கி வந்து, தானே மோந்து பார்த்து, “ஊத்து” என்றாள். ஊற்றினேன்.

அன்று சாயங்காலம் சூப்பரு வந்தார். வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். கோட்டையும் சொன்னேன், மூக்கையும் சொன்னேன்.

“கோடு எனக்கு அன்னிக்கே தெரியும். என் கை ஒதறும், என் கோடு நேரா வராது. மூக்கு விஷயம் இப்பத்தான் தெரியுது.”

“தெரிஞ்சும் எதுக்கு மொதலாளிகிட்ட அப்டிச் சொன்னீங்க?”

“பேங்க்குல வேல பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. வெளிய டீ குடிச்சிக்கினு ரெண்டு மணி நேரம் பேசிக்கினு இருந்தேன். நான் இருந்திருக்கணும். அத எப்டிச் சொல்றது?”

இத்தனை வருஷம் எங்களை மீனிடம் போட்டுக்கொடுத்த மனுஷன். கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே அளவு திருடர்கள்தான்.

நான்கு நாள் கழித்துக் காலையில் குஞ்சுகள் இலையை விட்டுக் கிளம்பின. ஒன்று கிளம்பியது, அப்புறம் பத்து, அப்புறம் மொத்தமும். கறுப்பன் முன்னால், கறுப்பாயி பின்னால், நடுவில் புகை மாதிரி குஞ்சுக் கூட்டம். முந்தின நாளே பாட்டிலில் உப்புத் தண்ணீர் விட்டு, காற்றுக் குழாய் போட்டு, குஞ்சுத் தீனிக்கு ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் முட்டையைப் பொரிக்க வைத்திருந்தேன். ஆரஞ்சு நிறத்தில் தூசு மாதிரி பொரிந்திருந்தது. துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குஞ்சுகளின் வயிறு ஒவ்வொன்றாக ஆரஞ்சாக மாறியது. வயிறு நிறம் மாறினால் பிழைத்தது என்று அர்த்தம்.

மத்தியானம் சூப்பரு முதலாளியைக் கூட்டி வந்தார். முதலாளி தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். பிளாஸ்டிக் முதலை அவர் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எழுந்து போனை எடுத்தார். “இல்லீங்க, எடம் குடுக்கல. இல்ல, ரேட்டு விஷயம் இல்ல. குடுக்கல, அவ்ளோதான்” என்று வைத்தார்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. “சார், அன்னிக்கு லாரித் தண்ணிக்கு ரெண்டு கோடும் நான்தான் போட்டேன். எனக்கு மூக்கு போயிருந்திச்சு. பிளீச்சிங் தெரியல” என்றேன். “நானும் எடத்துல இல்ல சார்” என்றார் சூப்பரு.

முதலாளி முகம் சிவந்தது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேலையை விட்டுப் போ என்பார் என்று காத்திருந்தேன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

“ஏகாம்பரம், நாளைக்குக் கடைல குளோரின் பாக்கற காகிதம் வாங்கு. இனிமே நாக்குல எவனும் தண்ணி பாக்கக் கூடாது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ, மூக்கு வர்ற வரைக்கும் மீனு இருக்கற ஒரு தொட்டிமேலயும் கைய வைக்கக் கூடாது. காலித் தொட்டில பாசி தேய். போ.”

லலிதா குறுக்கே வந்தாள். “சார், அது உங்க பண்ணைச் சட்டம். இது எங்க ஊடு. குஞ்சுக்குத் தீனி டைம் ஆச்சு, அக்காதான் போடுவாங்க. நீங்க கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க.”

முதலாளி தள்ளி உட்கார்ந்தார். நான் பாட்டிலை எடுத்து வடிகட்டினேன்.